31-ஆம் எண் ஜெர்சி: ஓபேனன் வழக்கும் கேட்கப்படாத சம்மதமும்

2008-இல் ஒரு நாள், முன்னாள் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன் தன் நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தார். நண்பரின் மகன் அவரிடம், கல்லூரிக் கூடைப்பந்து வீடியோ கேம் ஒன்றில் நீங்கள் இருக்கிறீர்கள் என்றான். சொன்னதோடு நிற்காமல் அதைப் போட்டும் காட்டினான். திரையில் அவர் படித்த யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) அணியின் உடையில் ஒரு வீரன் ஓடிக்கொண்டிருந்தான். ஜெர்சியில் 31 என்ற எண். பார்க்க ஓபேனன் போலவே இருந்தான், அவரைப் போலவே இடது கையால் ஆடினான். பெயர் மட்டும் எங்கும் இல்லை. இந்தக் காட்சி பின்னர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே பதிவாயிற்று. அதையடுத்து நீதிமன்றம் இரண்டு உண்மைகளை எழுதியது: அவர் இதற்குச் சம்மதிக்கவும் இல்லை, இதற்காக அவருக்குப் பணம் வரவும் இல்லை.

கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கத்தின் மேல் ஓபேனன் தொடுத்த இந்த வழக்கை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது உண்மையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதில் கோடிகள் இருக்கின்றன, பெரிய பெயர்கள் இருக்கின்றன. எனக்கு முதலாவதுதான் முக்கியமாகப் படுகிறது. அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றிருக்கலாம், வேண்டாம் என்றிருக்கலாம், இவ்வளவு கொடு என்றிருக்கலாம். அந்த மூன்றையும் சொல்லும் இடத்தில் அவர் இருக்கவில்லை. பிறகு வந்த தீர்ப்புகளும் சட்டங்களும் பணத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டன. கேட்பது பற்றிக் குறைவாகவே பேசியிருக்கின்றன. அந்தக் குறைக்கான விலையை மாணவர்கள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இந்த ஆய்வில் நான் காட்ட விரும்புவது.

ஓபேனன் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. 1995 ஏப்ரல் 3 அன்று சியாட்டிலில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் யு.சி.எல்.ஏ. 89–78 என்ற புள்ளிக்கணக்கில் ஆர்கன்சாஸை வென்றது. அதில் 30 புள்ளிகளும் 17 ரீபவுண்டுகளும் அவருடையவை. தொழில்முறைக் கூடைப்பந்தில் அவர் நெடுநாள் நீடிக்கவில்லை. நியூ ஜெர்சியிலும் டல்லஸிலும் கொஞ்ச காலம், பின்பு வெளிநாட்டு அணிகள். வழக்குத் தொடுத்தபோது லாஸ் வேகாஸ் பகுதியில் கார் விற்பனை நிறுவனத்தில் வேலை பார்த்தார். வாழ்நாளில் அவருடைய பெயருக்கு மிக அதிக மதிப்பு இருந்தது கல்லூரியில் இருந்தபோதுதான். அந்தப் பெயரைக் கொண்டு ஒரு டாலர் கூடச் சம்பாதிக்கக் கூடாது என்று விதி இருந்ததும் அதே காலத்தில்தான்.

விதியும் அது நின்ற அடித்தளமும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். கால்பந்துக் களத்தில் மாணவர்கள் அடிபட்டுச் சாவது நாட்டையே உலுக்கியதால் 1906-இல் பிறந்தது. (இந்தக் கட்டுரையில் கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்துதான்.) மாணவர் அமெச்சூராகவே இருக்க வேண்டும் என்பது அதன் மூலக் கொள்கை. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. அதற்கு மேல் ஆட்டத்துக்கும் கூலி கிடையாது, புகழுக்கும் கூலி கிடையாது.

'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொற்றொடர் கூட இயல்பாக வந்ததல்ல. 1950-களில் களத்தில் அடிபட்டு இறந்த ஒரு வீரரின் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். வீரர்கள் தொழிலாளர்கள் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. அதற்கு அரணாகத்தான் இந்தச் சொற்றொடரை உருவாக்கிப் பரப்பினோம் என்று சங்கத்தை 36 ஆண்டுகள் நடத்திய வால்டர் பையர்ஸே பின்னாளில் எழுதினார். 1957-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்தச் சொற்றொடரின் கீழ்தான் ஓபேனன் வரைக்கும் பல தலைமுறைகள் ஆடியிருக்கின்றன.

08-3ஏ என்று ஒரு படிவம் இருந்தது. வீரர்கள் ஆண்டுதோறும் கையெழுத்திட வேண்டிய அறிக்கை அது. சங்கத்தின் போட்டிகளையும் நிகழ்ச்சிகளையும் விளம்பரப்படுத்த என் பெயரையும் படத்தையும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி அதில் ஒரு பகுதி. பதினெட்டு வயதுப் பிள்ளை, பயிற்சி தொடங்கும் நேரம், நீட்டப்படும் பல தாள்களில் ஒன்று. இதை அனுமதி என்று ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். மறுக்க வழியில்லாத இடத்தில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

விதி எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு மூன்று பேரைச் சொல்கிறேன். ஜெரமி புளூம் 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பனிச்சறுக்கியவர், கொலராடோ பல்கலைக்கழகத்தில் கால்பந்தும் ஆடியவர். வேறொரு விளையாட்டில் தொழில்முறையாக ஆடிச் சம்பளம் வாங்க என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. ஆனால் பனிச்சறுக்கு வீரர்களுக்கு வருமானமே விளம்பர ஒப்பந்தங்களில்தான், அதற்கு அனுமதி இல்லை. வழக்குப் போட்டார். 2004-இல் கொலராடோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்த அவர் கல்லூரிக் கால்பந்தை இழந்தார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏ. ஜே. கிரீன் 2010-இல் தன் சொந்த ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர் முகவர் என்ற வரையறைக்குள் வருகிறவர் என்று முடிவாகி, கிரீனுக்கு நான்கு ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது.

மூன்றாமவர் டொனால்ட் டி லா ஹே, மத்திய புளோரிடா பல்கலைக்கழக அணியில் பந்தை உதைப்பவர். யூடியூபில் அலைவரிசை நடத்தி விளம்பர வருமானம் பெற்றார். 2017-இல் அவருக்கு ஒரு சலுகை வழங்கப்பட்டது: வீடியோவில் சம்பாதிக்கலாம், ஆனால் சம்பாதிக்கும் வீடியோவில் நீ கல்லூரி வீரன் என்பது தெரியக் கூடாது, உன் ஆட்டத் திறமையும் தெரியக் கூடாது. அவர் மறுத்தார். ஆடும் தகுதி போயிற்று. தன் வாழ்க்கையைத் தானே படம்பிடிக்கும் ஒருவனிடம், உன் வாழ்க்கையில் நாங்கள் விற்கும் பகுதியை மட்டும் வெட்டிவிடு என்று சொல்லும் விதி அது. இதை முதலில் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

முகத்தின் வழக்கு

அமெரிக்கச் சட்டத்தில் ஒருவரின் பெயர், உருவம், சாயல் மூன்றையும் வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை அவருக்கே உரியது. இது ஒன்றிய அரசின் சட்டம் அல்ல, மாநிலங்களின் சட்டம். கலிபோர்னியாவில் வலுவாக இருக்கிறது, சில மாநிலங்களில் மெலிந்து கிடக்கிறது. இந்த உரிமையை முன்வைத்து 2009-இல் முதலில் நீதிமன்றம் போனவர் சாம் கெல்லர், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் நெப்ராஸ்காவிலும் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரராக) ஆடியவர். கல்லூரிக் கால்பந்து வீடியோ கேமைத் தயாரித்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமும் பிரதிவாதிகளில் ஒன்று.

அந்த வழக்கில் வெளிவந்த தயாரிப்பு முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிறுவனம் ஒவ்வோர் அணியின் உபகரணப் பொறுப்பாளருக்கும் விரிவான கேள்வித்தாள் அனுப்பியது. எந்த வீரர் என்ன அணிகிறார் என்ற தகவல் அதில் திரட்டப்பட்டது. விளையாட்டில் வந்த கெல்லரின் உருவத்துக்கு அவருடைய ஜெர்சி எண், உயரம், எடை, தோலின் நிறம், முடியின் நிறம், ஆடும் பாணி, தலைக்கவசத்தின் முகத்திரை வரை அப்படியே இருந்தன. சொந்த மாநிலமும் அதே மாநிலம். சொந்த ஊர் மட்டும் வேறு ஊராக மாற்றப்பட்டிருந்தது, ஜெர்சியில் பெயர் இல்லை. பெயர்ப் பட்டியலை வெளியிலிருந்து தரவிறக்கி விளையாட்டுக்குள் ஏற்றிக்கொள்ள விளையாடுகிறவர்களுக்கு வழி இருந்தது.

ஊரை மாற்றியதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். முகத்திரை வரைக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று கேள்வித்தாள் அனுப்பித் தெரிந்துகொள்கிறவர்கள் ஊரைத் தவறுதலாக எழுதவில்லை. இது இன்னார் என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டும், இன்னார் அல்ல என்று வழக்கில் சொல்லவும் இடம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கவனமாக நடந்திருக்கிறார்கள்.

நிறுவனத்தின் வாதம் பேச்சுரிமை. வீடியோ கேமும் படைப்புதான், அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அதைக் காக்கிறது என்றது. கலிபோர்னியாவில் இதற்கு ஒரு சோதனை உண்டு: படைப்பு அந்த மனிதரின் சாயலை உருமாற்றிப் புதிதாக ஏதேனும் செய்திருக்கிறதா, அப்படியே பிரதியெடுத்திருக்கிறதா? 2013 ஜூலையில், மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உருமாற்றம் இல்லை என்று தீர்ப்பளித்தது. கால்பந்து வீரர் கால்பந்து மைதானத்தில் கால்பந்து ஆடுகிறார், இதில் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் தீர்ப்பின் சாரம். ரட்கர்ஸ் குவார்ட்டர்பேக் ரையன் ஹார்ட் தொடுத்த வழக்கில் மூன்றாம் வட்டார நீதிமன்றம் அதற்குச் சற்று முன்பே இதே முடிவுக்கு வந்திருந்தது.

நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை நாடிவிட்டு, சமரசத்துக்கு வந்தது. அதுவும் கல்லூரிச் சின்னங்களுக்கு உரிமம் வழங்கும் நிறுவனமும் 4 கோடி டாலர், என்.சி.ஏ.ஏ. 2 கோடி டாலர், ஆக மொத்தம் 6 கோடி. கல்லூரிக் கால்பந்து வீடியோ கேம் தொடர் 2013-இல் நின்றுபோயிற்று. சாயல் உரிமைக்கும் பேச்சுரிமைக்கும் நடுவிலான கோடு எங்கே என்பதை இந்த விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பும் அதோடு போயிற்று.

விலையின் வழக்கு

ஓபேனனின் வழக்கு வேறு பாதையில் போனது. காலணி நிறுவனங்களுக்காகப் பல ஆண்டுகள் கல்லூரி விளையாட்டில் பணம் புழங்கவிட்டு, பின்பு அந்த அமைப்பையே எதிர்த்த சானி வக்காரோ அவரை வழக்குக்கு இசைய வைத்தார். வழக்குரைஞர் மைக்கேல் ஹாஸ்ஃபெல்ட் ஏகபோகத் தடைச் சட்டத்தில் தேர்ந்தவர். கையிலெடுத்த ஆயுதம் 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம், முதல் பிரிவு. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஒரே வீரர்களுக்காகப் போட்டியிடுகின்றன. அவை ஒன்று சேர்ந்து, வீரரின் பெயருக்கும் சாயலுக்கும் விலை பூஜ்யம் என்று உடன்பட்டிருக்கின்றன. வாதிகளின் வழக்கு இதுதான்.

விசாரணைக்கு முன் வாதிகள் ஒரு பெரிய முடிவெடுத்தார்கள். தங்களுக்கான இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிட்டார்கள். இழப்பீடு இல்லாவிட்டால் ஜூரி வராது, நீதிபதியே தீர்ப்பளிப்பார். அதாவது, தன் பெயரில் வந்த இந்த வரலாற்று வழக்கின் தீர்ப்பில் ஓபேனன் தனக்கென்று பணம் கேட்கவே இல்லை. விதியை மாற்று என்று மட்டும் கேட்டார்.

2014 ஜூன் மாதம் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில், நீதிபதி கிளாடியா வில்கன் முன்னிலையில் 14 நாள் விசாரணை நடந்தது. இத்தகைய வழக்கில் நீதிமன்றம் மூன்று படிகளில் ஏறும். விதி போட்டியைக் கெடுக்கிறது என்று வாதி காட்ட வேண்டும். அதனால் போட்டிக்கு நன்மையும் இருக்கிறது என்று பிரதிவாதி காட்ட வேண்டும். அந்த நன்மையை இதைவிடக் குறைந்த கட்டுப்பாட்டில் அடையலாம் என்று மறுபடியும் வாதி காட்ட வேண்டும்.

நன்மை என்று சங்கம் சொன்னவற்றில் முதன்மையானது அமெச்சூர் தன்மை. வீரர்களுக்குப் பணம் கொடுத்தால் ரசிகர்கள் விலகிவிடுவார்கள் என்றது. இதன் வேர் 1984-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் தொலைக்காட்சி ஒப்பந்தம் குறித்த அந்த வழக்கில் என்.சி.ஏ.ஏ. தோற்றது. ஆனால் வீரர்களுக்கு ஊதியம் கூடாது என்பது இந்த விளையாட்டின் தன்மையைக் காக்கிறது என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் போகிற போக்கில் ஒரு வரி எழுதினார். வழக்கில் கேட்கப்படாத கேள்விக்கு எழுதிய அந்த வரி, 37 ஆண்டுகள் கேடயமாக நின்றது. இதற்குள் ஆண்கள் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமை 2010-இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்கப்பட்டிருந்தது.

2014 ஆகஸ்ட் 8 அன்று வில்கன் தீர்ப்பளித்தார். விதி ஷெர்மன் சட்டத்தை மீறுகிறது. பரிகாரமாக இரண்டைச் சொன்னார்: படிப்பதற்கு உண்மையில் ஆகும் முழுச் செலவையும் உதவித்தொகையாகக் கொடுக்கலாம். அதோடு பெயர், சாயலுக்கான பங்காக ஆண்டுக்கு 5,000 டாலர் வரை தனிக் கணக்கில் போட்டுவைத்து, படிப்பு முடிந்தபின் கொடுக்கலாம்.

அந்த 5,000 எங்கிருந்து வந்தது? சி.பி.எஸ். தொலைக்காட்சியின் விளையாட்டுப் பிரிவின் முன்னாள் தலைவர் நீல் பில்சன் சங்கத்தின் தரப்பில் சாட்சி சொன்னவர். பத்து லட்சம் டாலர் என்றால் தனக்கு உறுத்தும், 5,000 என்றால் உறுத்தாது என்ற பொருளில் கூண்டில் ஒன்றைச் சொன்னார். அந்தச் சாட்சியமும் பரிகாரத்துக்கு ஆதாரமாக நின்றது. 2015 செப்டம்பர் 30 அன்று மேல்முறையீட்டில் நீதிபதி ஜே பைபி அதைத்தான் பிடித்துக்கொண்டார். விதி சட்டத்தை மீறுகிறது என்பது சரி, முழுச் செலவு கொடுப்பதும் சரி. ஆனால் கல்வியோடு தொடர்பில்லாத ரொக்கம் சின்ன மாற்றமல்ல, பெரிய தாவல், ஒருமுறை தாவினால் நிற்க இடமே இல்லை என்று சொல்லி 5,000 டாலரை ரத்து செய்தார். தலைமை நீதிபதி சிட்னி தாமஸ் அந்த ஒரு பகுதியில் மாறுபட்டார். 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

கெல்லர் வழக்கை விசாரித்ததும் இதே மூன்று நீதிபதிகள்தாம். அதிலும் எழுதியவர் பைபி, மாறுபட்டவர் தாமஸ். கெல்லரில் வீடியோ கேமின் பேச்சுரிமைக்காகக் குரல் கொடுத்த தாமஸ் ஓபேனனில் வீரர்களின் பணத்துக்காகக் குரல் கொடுத்தார். கெல்லரில் வீரரின் முகம் வீரருடையது என்று சொன்ன பைபி, ஓபேனனில் அந்த முகத்துக்குப் பணம் மட்டும் கூடாது என்றார். இது முரண்பாடு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. முதல் வழக்கில் கேள்வி, இது யாருடையது என்பது. இரண்டாவதில் கேள்வி, இந்தச் சந்தை ஒழுங்காக நடக்கிறதா என்பது. ஏகபோகத் தடைச் சட்டத்தின் கண்ணில் ஓபேனனின் முகம் ஒரு சரக்கு. அதன் விலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று மட்டுமே அது கேட்கும். அவரைக் கேட்டார்களா என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. வாதிகள் வேறு வழியில்லாமல்தான் அந்தப் பாதையில் போனார்கள், அதில் வென்றும் காட்டினார்கள். போன பாதையின் தடம் வெற்றியின் மேலும் படிந்துவிட்டது.

கதவு திறந்த விதம்

ஓபேனன் தீர்ப்பு நடைமுறையில் கொடுத்தது குறைவு. முழுச் செலவையும் கொடுக்கலாம் என்று கல்லூரிகளின் பெரிய கூட்டமைப்புகள் 2015 ஜனவரியிலேயே முடிவெடுத்துவிட்டன. ஆனால் ஒரு நீதிமன்றம் விதியைத் தொட்டுவிட்டது, வானம் இடிந்து விழவில்லை. அதன்பின் மற்றவர்களுக்குத் துணிவு வந்தது.

கலிபோர்னியாவில் செனட்டர் நான்சி ஸ்கின்னர் கொண்டுவந்த மசோதாவில் ஆளுநர் கவின் நியூசம் 2019 செப்டம்பர் 30 அன்று கையெழுத்திட்டார். கல்லூரிகள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வீரர் தன் பெயரையும் சாயலையும் கொண்டு வெளியில் சம்பாதித்தால் அவரைத் தண்டிக்கக் கூடாது என்றது, அவ்வளவுதான். மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2021 ஜூன் 21 அன்று, மேற்கு வர்ஜினியா வீரர் ஷான் ஆல்ஸ்டன் பெயரிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 9–0 என்ற கணக்கில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது கல்வி தொடர்பான சலுகைகளைப் பற்றிய வழக்கு, பெயர், சாயலைப் பற்றியது அல்ல. ஆனால் 1984-ஆம் ஆண்டின் அந்த ஒற்றை வரி இனி கேடயம் ஆகாது என்று நீதிபதி கோர்சச் தெளிவாக எழுதினார். நீதிபதி கேவனா தனியாக ஒரு தீர்ப்புரை எழுதி, எந்தத் தொழிலிலும் சட்டவிரோதமாக இருக்கும் ஒன்று இங்கே மட்டும் எப்படிச் சரியாகும் என்ற கேள்வியை எழுப்பினார்.

ஒன்பதே நாளில் சங்கம் இடைக்காலக் கொள்கை ஒன்றை அறிவித்துக் கதவைத் திறந்துவிட்டது. ஜூலை 1 முதல் வீரர்கள் சம்பாதிக்கலாம். அன்றே ஃப்ரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து இரட்டையர் ஹேலி, ஹன்னா கேவிண்டர் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் செல்பேசி நிறுவன விளம்பரத் திரையில் தோன்றினார்கள். பெரிய ஆட்டங்களின் ஆண்கள் மட்டுமே சம்பாதிப்பார்கள் என்று நினைத்தவர்கள் பலர் இருந்தார்கள். முதல் நாளிலேயே அந்த எண்ணம் பொய்த்தது.

கதவு திறந்தது, ஆனால் வாசலில் விளக்கு இல்லை. ஒன்றியச் சட்டம் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. செல்வந்த ரசிகர்கள் கூடி 'கலெக்டிவ்' என்ற பெயரில் நிதியம் அமைத்து வீரர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். பெயருக்கான கூலி என்று எழுதப்பட்டாலும், பல இடங்களில் அது அணியில் சேர்வதற்கான கூலிதான். அப்படிப் பேசிச் சேர்க்கக் கூடாது என்ற சங்கத்தின் விதியையும் டென்னசியும் வர்ஜினியாவும் தொடுத்த வழக்கில் நீதிபதி கிளிஃப்டன் கார்க்கர் 2024 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார்.

ஒரு ஒப்பந்தம், அருகில்

இந்த இருட்டில் என்ன நடந்தது என்பதற்கு ஜெர்வான் டெக்ஸ்டரின் வழக்கு போதும். புளோரிடா பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர். 2022-இல் பிக் லீக் அட்வான்ஸ் என்ற நிதி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். கிடைத்த தொகை 4,36,485 டாலர். பதிலுக்கு, தொழில்முறைக் கால்பந்தில் தான் ஈட்டும் வருமானத்தில், வரிக்கு முன், 15 விழுக்காட்டை 25 ஆண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும். 2023-இல் சிகாகோ பேர்ஸ் அணி அவரை எடுத்தது. நான்காண்டு ஒப்பந்தம் சுமார் 67 லட்சம் டாலர். அதில் 15 விழுக்காடு என்றால் சுமார் 10 லட்சம். வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் முதல் ஒப்பந்தத்திலேயே போய்விடும். மிச்சமிருப்பது இருபத்தோரு ஆண்டுகள்.

அவர் 2023 செப்டம்பரில் வழக்குத் தொடுத்தார். அவருடைய வாதம் புளோரிடாச் சட்டத்தின் ஒரு வரியைச் சார்ந்தது: பெயர், சாயல் ஒப்பந்தம் எதுவும் அந்த மாணவர் கல்லூரிக்காக ஆடும் காலத்தைத் தாண்டி நீளக் கூடாது. இந்த வரியை எழுதியவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் கையில் ஒரு காசோலையை வைத்துவிட்டு, அவன் நடுத்தர வயது வரைக்கும் கழுத்தில் கயிறு கட்டும் ஒப்பந்தங்கள் வரும் என்று அவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். எல்லா மாநிலங்களும் யோசிக்கவில்லை.

இதை 08-3ஏ படிவத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று கையெழுத்துக்குப் பணம் இல்லை, இன்று பணம் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடுகிறவனுக்கு அந்தத் தாள் என்ன சொல்கிறது என்று புரிந்ததா, மறுத்தால் அவன் நிலை என்ன, யோசிக்க எத்தனை நாள் கொடுத்தார்கள் என்ற கேள்விகள் அன்று போலவே கிடக்கின்றன. வணிக நலன் இல்லாத வழக்குரைஞர் ஒருவரிடம் காட்டாமல் இத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்று ஒரு வரி சட்டத்தில் வர வேண்டும் என்பது என் கருத்து.

வேறு சிக்கல்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வருமானம் சுயதொழில் வருமானம். வரியை யாரும் பிடித்துக்கொண்டு கொடுப்பதில்லை, மாணவரே எடுத்துவைக்க வேண்டும், தேவை அடிப்படையிலான கல்வி உதவியும் குறையலாம். கல்லூரிக்கு ஒரு காலணி நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தால், அதற்கு முரணாக வீரர் இன்னொன்றை அணிந்து நிற்க முடியாது. கல்லூரிச் சின்னத்தோடு படம் எடுக்கத் தனி அனுமதி தேவைப்படும்.

எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் வந்த வெளிநாட்டு மாணவர்களின் நிலைதான் மிக மோசம். அனுமதியின்றி வேலை செய்தால் விசாவே போகும், விளம்பரத்தில் நடிப்பது வேலையாகக் கருதப்படலாம். பர்டூ பல்கலைக்கழகத்தின் சேக் ஈடி தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராகத் தேர்வானவர். கனடாக்காரர் என்பதால், அணியில் அவருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இருந்த வாய்ப்பு அவருக்கு இல்லை. காங்கோவிலிருந்து வந்த கென்டக்கி வீரர் ஆஸ்கர் ஷீப்வே, 2022-இல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத் தன் ஒப்பந்த வேலைகளைச் செய்தார். தன் முகத்தைத் தானே விற்க நாட்டை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது.

ஹவுஸ் உடன்பாடு

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸும், கூடைப்பந்து வீராங்கனை செடோனா பிரின்ஸும் 2020 ஜூனில் தொடுத்த வழக்கு இதுவரையிலான கணக்கைத் தீர்க்கப் பார்த்தது. ஓபேனன், ஆல்ஸ்டன் இரண்டையும் கேட்ட அதே வில்கன்தான் இதற்கும் நீதிபதி. 2025 ஜூன் 6 அன்று சமரச உடன்பாட்டை அவர் ஏற்றார். 2016 முதல் ஆடியவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். இனிமேல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம், முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். வெளி ஒப்பந்தம் 600 டாலரும் அதற்கு மேலும் என்றால் பதிவு செய்ய வேண்டும், அது உண்மையான வணிகமா, நியாயமான விலையா என்று ஒரு தனி அமைப்பு பார்க்கும்.

பழைய பணத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆண்கள் கால்பந்துக்குப் போகிறது. காரணம், அதில் பெரும்பகுதி தொலைக்காட்சி ஒளிபரப்பில் வந்த சாயலுக்கானது. இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஒளிபரப்பில் வீரர்களுக்குச் சாயல் உரிமையே கிடையாது என்று, வாண்டர்பில்ட் வீரர் ஜாவான் மார்ஷல் தொடுத்த வழக்கில் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் டென்னசிச் சட்டப்படி தீர்ப்பளித்திருந்தது. அங்கே இல்லை என்று முடிந்த உரிமைக்கு இங்கே பல கோடி கொடுக்கப்படுகிறது. உரிமை என்று நிலைநாட்டி வாங்கிய பணம் அல்ல இது, வழக்கின் அபாயத்துக்குப் பேரம் பேசி வாங்கிய பணம். அதனாலேயே பெண்கள் எதிர்க்கிறார்கள். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டத்தை இந்தப் பங்கீடு மீறுகிறது என்று வீராங்கனைகள் சிலர் உடனே மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். சந்தை ஏற்கெனவே சாய்ந்திருந்தது, அந்தச் சாய்வை அளவுகோலாக வைத்து இழப்பீட்டைப் பிரித்தால் பழைய பாகுபாடு புதிய கணக்கில் தொடர்கிறது.

வீரர்கள் ஊழியர்களா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. இருக்கக்கூடும் என்று மூன்றாம் வட்டார நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னது. டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து அணியினர் 2024 மார்ச்சில் 13–2 என்று வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள், ஆண்டின் கடைசி நாளில் அதற்கான மனுவைத் திரும்பப் பெற்றார்கள். கூட்டாகப் பேரம் பேச ஓர் அமைப்பு இல்லாதவரை, ஒவ்வொரு மாணவரும் தனியாகத்தான் தாளின் முன் உட்கார வேண்டும்.

மீண்டும் அந்த விளையாட்டு

நின்றுபோன வீடியோ கேம் 2024 ஜூலையில் திரும்பி வந்தது. இம்முறை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஒவ்வொரு வீரரையும் கேட்டது. சம்மதித்தால் 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும். பேரம் பேச வழியில்லை, தொகை குறைவு என்று பலர் குறை சொன்னார்கள், குறையில் உண்மை இருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்மதித்தார்கள்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஆர்ச் மானிங் முதலில் வேண்டாம் என்றார். பெயர் பெற்ற கால்பந்துக் குடும்பத்தின் பிள்ளை, விளையாட்டை வாங்குகிறவர்கள் முதலில் தேடும் முகங்களில் ஒன்று. சம்மதிக்காதவர்களின் இடத்தில் கற்பனை உருவம் ஒன்று நிற்கும் என்று நிறுவனம் அறிவித்தது. மாதங்கள் கழித்து, ஜூலையில், அவர் மனம் மாறிச் சரி என்றார். அதற்குப் பிறகே அவருடைய முகம் அந்த விளையாட்டில் வந்தது.